அண்டா மலை ஊரில் ஒரு சனிக்கிழமை

‘ட்ரெயின் டு பூசான்’ பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். 2016-ல் வந்த அந்தக் கொரியப் படத்தில் ரயில் முழுக்க சோம்பிகள் துரத்த, ஓடுகிறவர்களுக்கெல்லாம் ஒரே நம்பிக்கை பூசான்தான். எல்லா ஊரும் விழுந்துவிட்டது, பூசான் மட்டும் தாக்குப்பிடிக்கிறது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், படத்தில் பூசானே வராது. ஊருக்கு முன்னால் இருக்கும் சுரங்கப்பாதையோடு கதையை முடித்துவிடுவார்கள்.

கொரியாவின் பெரியவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. 1950 ஜூன் 25-ல் வட கொரியப் படை எல்லையைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் போனது. ஆகஸ்டில் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில் பூசானைச் சுற்றி ஒரு துண்டு நிலம்தான் மிச்சம். ரயில் கூரை மேல் உட்கார்ந்தும், மாட்டு வண்டியிலும், நடந்தும் ஜனங்கள் வந்து சேர்ந்த ஊர் இதுதான். போரையொட்டி மொத்தம் 1,023 நாட்கள் இது நாட்டின் தற்காலிகத் தலைநகராக இருந்தது. போருக்கு முன் ஐந்து லட்சத்துக்குள் இருந்த ஜனத்தொகை, 1955-ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, முழுசாக ஒரு நாள் கிடைத்தது. கூட வந்தவர் நம்மூர்த் தம்பி ஒருவர். ஒரகடத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, இப்போது பூசானுக்குப் பக்கத்திலிருக்கும் உல்சானில் வேலை. கொரிய மொழியை வாலாஜாபாத் இழுப்போடு பேசுவார். ஆனாலும் கடைக்காரப் பெண்களுக்கு அவர் பேசுவது புரிந்துவிடும். புரியாத இடத்தில் சிரித்துச் சமாளித்துக்கொள்வார்.

காலை 7 மணி. பூசான் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சந்து. கடை வாசலிலேயே பெரிய அண்டா. பன்றி எலும்பு இரவெல்லாம் கொதித்து, வடித்த கஞ்சி நிறத்துக்கு வந்திருந்தது. ‘துவேஜி குக்பாப்’ என்று பெயர். துவேஜி என்றால் பன்றி, குக் என்றால் சாறு, பாப் என்றால் சோறு. கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே மெல்லிசாக அரிந்த கறியை அடுக்கி, அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாற்றை ஊற்றி, வடித்து, மறுபடியும் ஊற்றி, மறுபடியும் வடித்து, மூன்றாவது தடவை நிறைத்துக் கொடுத்தார் அந்த அம்மாள். சோறு உள்வரைக்கும் சூடேற வேண்டும் என்பதற்காக இந்த வேலை.

முதல் வாயில் ஏமாந்துபோனேன். உப்பே இல்லை. தம்பி சிரித்தார்.

“அண்ணே, உப்பு நம்ம போட்டுக்கணும். அதோ அந்தக் கிண்ணத்துல இருக்கு பாருங்க.”

கிண்ணத்தில் இருந்தது உப்பில்லை, உப்பில் ஊறிப் புளித்த குட்டி இறால். அதை அரை ஸ்பூன் எடுத்துப் போட்டு, மிளகாய் விழுதைக் கரைத்து, பச்சைப்பசேலென்று வைத்திருந்த பூண்டுத்தழை மாதிரியான கீரையை அள்ளிப் போட்டால் குணமே மாறிவிடுகிறது. நம் கருவாட்டுக் குழம்பின் வாசத்தில் ஒரு கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அகதிகளோடு பரவிய சாப்பாடு என்பதுதான் ஊரில் அதிகம் சொல்லப்படுகிற கதை. கறி கிடைக்காதபோது எலும்பு, எலும்பும் போதாதபோது இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

ஊர்ப் பெயரையும் அப்போதுதான் தம்பி விளக்கினார். சீன எழுத்தில் எழுதினால் ‘பூ’ என்பது அண்டா, ‘சான்’ என்பது மலை. கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி ஒரு மலை இங்கே இருந்ததாம்.

வாங்க, பாருங்க, வாங்குங்க

ஒன்றாம் நம்பர் மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ஜகல்ச்சி. படியேறி வெளியே வந்தால் வழி கேட்கத் தேவையில்லை, மூக்கே கூட்டிக்கொண்டு போகும். ஜகல் என்றால் கூழாங்கல். சரளைக்கல் கடற்கரையில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களால் வளர்ந்த மீன் சந்தை இது. இன்றைக்கும் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். ‘ஜகல்ச்சி அஜிமே’ என்றால் கொரியா முழுக்கத் தெரியும். ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட மேலங்கி, முகத்தை மறைக்கும் தொப்பி, அதட்டும் குரல். ‘ஓயிசோ, போயிசோ, சாயிசோ’ என்பது சந்தையின் வாசகம். பூசான் வட்டார வழக்கில் வாங்க, பாருங்க, வாங்குங்க என்று அர்த்தம். தமிழில் சொல்லிப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

கடலையொட்டிய பெரிய கட்டடத்தில் உயிர் மீன். வெளியே தெருவில் செத்த மீன், கருவாடு, சுட்ட மீன். எனக்குத் தெருதான் பிடித்தது. சிவப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாவாளை மீனை வெள்ளி நாடாக்களாக மடித்து அடுக்கியிருக்கிறார்கள். கானாங்கெளுத்தி இந்த மாநகரத்தின் அதிகாரப்பூர்வ மீன், மலைபோல் கிடக்கிறது. சிவப்புக் கட்டிகளாகக் கடல் அன்னாசி என்று சொல்லத் தோன்றும் ‘மொங்கே’, அதன் பக்கத்தில் தண்ணீரை உள்ளிழுத்து ஊதிக்கொண்டிருக்கும் தடித்த புழு ஒன்று. அதன் பெயர் ‘கேபுல்’. அதையும் பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்கள். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓரிடத்தில் கால் நின்றுவிட்டது. ஒரு பலகை, அதன் நுனியில் ஓர் ஆணி. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் தொட்டிக்குள் கையைவிட்டு விலாங்கு மாதிரி ஒன்றை எடுத்தார். தாடை இல்லாத மீன் அது, ‘கொம்ஜாங்கோ’ என்று பெயர். தலையை ஆணியில் குத்தினார். கழுத்தைச் சுற்றிக் கத்தியால் ஒரு கீறல். தோலைப் பிடித்து ஒரே இழுப்பு. சட்டையைக் கழற்றுவது மாதிரி முழுத்தோலும் வந்துவிட்டது. தோலுரிந்த மீன் பலகையில் இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. கையில் ஒட்டிய கொழகொழப்பைத் தொட்டியில் அலசிவிட்டு அடுத்ததை எடுத்தார். ஒன்றுக்கு ஐந்து விநாடி. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரியிடம் என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். தம்பி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

உரித்த தோல்தான் இந்த மீனின் கதை. ஜப்பானியர் ஆட்சியில் இந்தத் தோலைப் பதப்படுத்தித் தோல் சாமான் செய்தார்கள். சதையைத் தூக்கி எறிந்தார்கள். எறிந்ததை எடுத்துச் சுட்டுத் தின்றவர்கள் ஏழைகள். பின்னாளில் ‘ஈல் ஸ்கின்’ என்று உலகமெல்லாம் விலைபோன மணிபர்ஸுகளும் பெரும்பாலும் இதன் தோல்தான். இன்றைக்கு நிலைமை தலைகீழ். மிளகாய் விழுது, வெங்காயம், பூண்டு போட்டு இரும்புத் தட்டில் வதக்கித் தருகிற ஒரு தட்டு கொம்ஜாங்கோ, மாட்டுக் கறிக்குச் சமமாக விலை சொல்கிறது. காலை ஒன்பதரைக்கே மேசைகளில் சோஜு பாட்டில்களோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உரிக்கும்போது புரண்ட வயிறு, தட்டு வந்ததும் சமாதானமாகிவிட்டது. கோழி ஈரலுக்கும் கணவாய்க்கும் நடுவில் ஒரு மென்மை. காரம் பயமுறுத்தும் நிறத்தில் இருக்கிறதே தவிர, நமக்கு அது காரமே இல்லை.

கட்டடத்துக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்த்தளத்தில் மீனைக் காட்டினால் அங்கேயே அறுத்துக் கொடுப்பார்கள்; மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். உட்காரும் கூலி, தொட்டுக்கொள்ளும் விழுது, இலை, பூண்டு எல்லாவற்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு. மீனின் விலை கிலோவுக்கா, முழு மீனுக்கா என்று தொட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எடுத்தபிறகு கேட்டால் கேள்விக்கு மரியாதை இருக்காது.

ஜகல்ச்சியிலிருந்து நம்போ-தோங் பக்கம் நடந்தால் கருவாட்டுச் சந்தை. ஜப்பானியர் காலத்து மரவீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அட்டைப் பெட்டிகளில் நெத்திலி. சோற்றுப் பருக்கை அளவிலிருந்து சுண்டுவிரல் நீளம் வரை ஏழெட்டுத் தரம். பொடிசு வறுப்பதற்கு, பெரிசு சாறு வைப்பதற்கு. கொரியச் சமையலறையில் பாதிக் குழம்புகளின் அடித்தளம் இந்தப் பெரிய நெத்திலியைக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். பூசானையொட்டிய கிஜாங் கடற்கரை நெத்திலிக்குப் பேர்போனது. முப்பதாயிரம் வொன் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். நம் காசுக்கு சுமார் 1,800 ரூபாய்.

“ஏண்ணே, கொரியா வந்து கருவாடா வாங்குவீங்க? எல்லாரும் முகத்துக்குப் போடற கிரீம் வாங்குவாங்க.”

பெட்டி அன்று முழுக்க என்னோடு வந்தது.

டப்பா சந்தையும் மூக்குக்கண்ணாடியும்

தெருவைக் கடந்தால் குக்ஜே சந்தை. ‘சர்வதேசச் சந்தை’ என்று அர்த்தம். 1945-ல் ஜப்பான் தோற்றபின் ஊரைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன சாமான்களில் தொடங்கி, போர் வந்ததும் அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து கசிந்த பொருட்களில் பெருத்தது. பக்கத்துச் சந்தையின் பெயரே ‘காங்தோங்’, அதாவது டப்பா. ராணுவத்தின் டப்பா உணவுகள் விற்ற இடம். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஊர்விட்டு வந்தவர்கள், வெளிநாட்டுச் சரக்கு: சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் நினைவுக்கு வரவில்லையென்றால்தான் ஆச்சரியம். இந்தச் சந்தையின் பெயரிலேயே 2014-ல் ஒரு படம் வந்தது. வடக்கிலிருந்து ஓடிவந்து இங்கே கடை நடத்தும் ஒரு மனிதரின் ஆயுள் கதை. ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். படத்தில் வந்த கடைக்கு முன்னால் இப்போதும் செல்ஃபி கூட்டம்.

வாங்குவதற்கு என்ன இருக்கிறது? எல்லாமும் இருக்கிறது; பெரும்பாலானவை சென்னையில் கிடைப்பவைதான். உண்மையில் லாபம் மூக்குக்கண்ணாடி. குக்ஜே சந்தையில் கண்ணாடிக்கென்றே ஒரு தெரு. கண்ணைச் சோதித்து, பவர் எழுதி, வில்லையை வெட்டி ஃபிரேமில் மாட்டிக் கையில் கொடுக்க நாற்பது நிமிஷம். எனக்கு ஆன செலவு, நம்மூரில் ஆவதில் பாதிதான். மற்றபடி வறுத்த கடற்பாசித் தாள், கிஜாங் மியொக் என்னும் உலர்ந்த கடல் பாசி. பிறந்தநாளன்று காலையில் கொரியர்கள் இந்த மியொக் போட்ட சூப்பைக் குடிக்காமல் இருக்கமாட்டார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கிற பத்தியமும் இதுதான்.

பகல் சாப்பாட்டை ஒரே இடத்தில் முடிக்கவில்லை. காங்தோங் சந்தையில் ‘பிபிம் தாங்ம்யொன்’: கண்ணாடி மாதிரி வழுக்கும் நூடுல்ஸை மிளகாய் விழுதில் பிசைந்து தருவார்கள். அடுத்த கடையில் ‘ஓமுக்’. மீனை அரைத்து, மாவோடு பிசைந்து, பொரித்து, மூங்கில் குச்சியில் கோத்துச் சாற்றில் மிதக்கவிட்டிருப்பார்கள். குச்சிகளை எண்ணிக் காசு. சாறு இலவசம், காகிதக் கோப்பையில் எத்தனை தடவை வேண்டுமானாலும். குளிரில் நின்றபடி அந்தச் சாற்றைக் குடிப்பதற்காகவே இரண்டு குச்சி வாங்கலாம். ஓமுக் தொழிலில் மிகப் பழைய பெயர் யொங்டோ தீவின் சம்ஜின். 1953-லிருந்து செய்கிறார்கள். இப்போது அந்தக் கடை பேக்கரி மாதிரி, தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு சுற்றிவரும்படி மாறிவிட்டது.

திரைப்பட விழா பிறந்த தெருவில் நின்று ஹொத்தோக் சாப்பிட்டோம். 1996-ல் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா இந்த நம்போ-தோங் தியேட்டர்களில்தான் தொடங்கியது. இயக்குநர்களின் கைத்தடங்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள். விழா பிறகு பணக்காரப் பகுதியான சென்டம் சிட்டிக்குப் போய்விட்டது. ஹொத்தோக் போகவில்லை. எண்ணெயில் பொரித்த மாவு வட்டத்தைக் கத்தரியால் வாய் திறந்து, சூரியகாந்தி, பூசணி விதைகளைச் சர்க்கரையோடு உள்ளே திணித்துத் தருகிறார்கள். உள்ளே சர்க்கரை பாகாக உருகியிருக்கும்; அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். வெந்தது.

சைவர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் கஷ்டம்தான். காய்கறி மாதிரித் தெரிகிற சூப்பிலும் நெத்திலி இருக்கும், கிம்ச்சியிலும் இறால் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குக்ஜே சந்தையில் ஒரு பையன் கூட்டத்தில் ‘அப்பா’ என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மாவும் ‘ஒம்மா’தான். இதை வைத்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். பூசான் விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த கிம்ஹேயில்தான் அரசி ஹொ ஹ்வாங்-ஓக்கின் கல்லறை என்று காட்டுகிறார்கள். கி.பி. 48-ல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல்வழியாக வந்தவர் என்கிறது 13-ஆம் நூற்றாண்டின் ‘சம்குக் யூசா’. அது அயோத்தி என்று ஒரு தரப்பு, தென் தமிழகம் என்று நம் தரப்பு. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து எழுதிய புத்தகத்தை வைத்து இவ்வளவு சண்டை போடலாமா என்று எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தம்பிக்கு இல்லை.

பாலத்தடியில் சந்திப்போம்

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் யொங்டோ பாலம். 1934-ல் திறந்த தூக்குப்பாலம். 1966-ல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். 2013-ல் புதுப்பித்து மறுபடி தொடங்கினார்கள். இப்போது சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வாகனங்களை நிறுத்திவிட்டு, பாலத்தின் ஒரு பக்கத்தை அண்ணாந்து பார்க்கும்படி மேலே தூக்குகிறார்கள். தார் ரோடும் வெள்ளைக் கோடும் செங்குத்தாக எழுந்து நிற்பது விசித்திரமான காட்சி. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

போரில் குடும்பங்கள் பிரிந்தபோது, வடக்கத்தியர்களுக்குப் பூசானில் தெரிந்த ஒரே அடையாளம் இந்தப் பாலம். “யொங்டோ பாலத்தில் சந்திப்போம்” என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். வந்து சேர்ந்தவர்கள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பெயரெழுதி ஒட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். எத்தனை நாள் காத்திருப்பது? பாலத்தடியில் குறி சொல்கிறவர்கள் வரிசையாகக் கடை போட்டார்கள். ‘என் புருஷன் உயிரோடு இருக்கிறானா, எந்தத் திசையில் இருக்கிறான்?’ என்று கேட்கக் கூட்டம். குறிக்காரர் சந்து என்றே அதற்குப் பெயர் வந்தது. ஹியொன் இன் என்ற யொங்டோக்காரர் 1953-ல் பாடிய ‘குத்செயொரா கும்சுனா’ என்ற பாட்டு, இப்படித் தங்கையைத் தொலைத்த அண்ணனின் பாட்டு. பாலத்தருகே அவருக்குச் சிலை இருக்கிறது.

1950 டிசம்பரில் வடக்கே ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து 14,000 அகதிகளை ஏற்றிக்கொண்டு ‘மெரிடித் விக்டரி’ என்ற ஒரே சரக்குக் கப்பல் கிளம்பியது. வழியில் அதில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பூசானுக்கு வந்தபோது, இங்கே இடமில்லை என்று கோஜே தீவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஊர் அவ்வளவு நிரம்பியிருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு இதே பூசான் துறைமுகத்தில் இறங்கியவர்கள் இந்தியாவின் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் படையினர். இந்தியா போரிட ஆள் அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. தலைமை தாங்கி வந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் ஆற்காட்டுக்காரர். குளிர்காலப் பின்வாங்கலில் மருத்துவக் கருவிகளை விட்டுப்போக மனமில்லாமல் ரயில் ஒன்றைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்த படை அது. ரங்கராஜுக்குப் பின்னர் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பார்த்திருக்கக்கூடிய மரக்கப்பல்களும் படகுகளும் இன்றைக்கு இல்லை. தூரத்தில் ராட்சத கிரேன்கள். ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் கன்டெய்னர்கள், இருபதடி கணக்கில், கையாளும் துறைமுகம் இது.

கல்லறைமேல் குடித்தனம்

தோசொங் நிலையத்திலிருந்து ஒரு மினி பஸ். டிரைவர் மலைவளைவுகளில் ஓட்டிய வேகத்துக்கு நெத்திலிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் கம்ச்சொனில் இறங்குவார்கள். அதற்கு முன்னாலேயே ஆமி-தோங்கில் இறங்கினோம்.

இது ஜப்பானியர்களின் இடுகாடு. 1876-ல் கட்டாய ஒப்பந்தத்தின் பேரில் துறைமுகம் திறக்கப்பட்டதும் ஜப்பானியர் பூசானில் குடியேறினார்கள். செத்தவர்களின் சாம்பலை இந்த மலைச்சரிவில் புதைத்துக் கல் நட்டார்கள். 1945-ல் தோற்று ஊருக்குத் திரும்பியபோது கற்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஐந்து வருஷம் கழித்து, கீழே இடமில்லாமல் மேலேறி வந்த அகதிகளுக்குக் கிடைத்தது சதுரம் சதுரமாகக் கல் கட்டிய கல்லறை மேடைகள். கல்லறையின் சுற்றுக்கட்டே வீட்டின் அஸ்திவாரம். பெயர் பொறித்த நடுகல் வாசற்படி ஆனது. கூரைக்கு ராணுவக் குப்பையிலிருந்து எடுத்த அட்டையும் தகரமும்.

‘பிசொக் மாவுல்’, நடுகல் கிராமம் என்று பெயர்ப்பலகை இருக்கிறது. கற்களை நாமாகத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு ஆள் உரசிக்கொண்டுதான் போக முடியும் என்கிற சந்து. ஒரு வீட்டு வாசலில் சமையல் கேஸ் சிலிண்டர் நின்றது. அதன் அடியில் சாம்பல் நிறக் கல். குனிந்து பார்த்தேன். சீன எழுத்துகள் பக்கவாட்டில், மழை அரித்து, பாதி சிமென்ட்டுக்குள் புதைந்து கிடந்தன. யாருடைய பெயரோ. மேலே மிளகாய்ச் செடி வைத்த ஒரு தெர்மோகோல் பெட்டி, துவைத்த இரண்டு சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் டிவி சத்தம். நான் நின்றது யாரோ ஒருவரின் வீட்டு வாசல் என்பது உறைத்ததும் நகர்ந்துவிட்டேன்.

இங்கே பழைய ஆட்கள் சிலர் விசேஷ நாட்களில் இந்தப் பெயர் தெரியாத ஜப்பானியர்களுக்கும் ஒரு கிண்ணம் சோறு, தண்ணீர் வைப்பதுண்டு. தங்கள் நாட்டை ஆண்டவர்களின் ஆவிகளுக்கு! தங்கள் தகப்பன் பாட்டன் கல்லறைகளையெல்லாம் வடக்கே விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

சந்து முடியும் இடத்துக்கு அருகே புகைப்படக்காரர் சோய் மின்-சிக்கின் படக்கூடம். 1928-ல் வடக்கே பிறந்து, பூசானில் வாழ்ந்து, 2013-ல் மறைந்தவர். வாழ்நாளெல்லாம் ஜகல்ச்சியையும் தெருவையும் ஏழைகளையும் மட்டுமே எடுத்தார். தொகுப்புகளுக்கெல்லாம் ‘மனிதன்’ என்றே தலைப்பு. காலையில் நான் பார்த்த அதே ரப்பர் பூட்ஸ் பெண்களின் அம்மாக்கள் அந்தப் படங்களில் நின்றபடி நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள்.

மேட்டைத் தாண்டிக் கால் மணி நேரம் நடந்தால் கம்ச்சொன். இதைத்தான் ‘கொரியாவின் மச்சு பிச்சு’ என்று போஸ்டர்களில் பார்க்கிறோம். தேகுக்தோ என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள் 1950-களில் படிக்கட்டு மாதிரி வீடு கட்டிக் குடியேறிய மலை. முன்வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 2009-ல் அரசுக் கலைத் திட்டம் ஒன்று வந்தது. சுவருக்கெல்லாம் சாயம், சந்துக்குச் சந்து சிற்பம். மேல் சுவரில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கும் குட்டி இளவரசனோடு படமெடுக்க வரிசை. அரை மணி ஆகும் என்றார்கள். பூசானில் பிறந்த பிடிஎஸ் பையன்கள் ஜிமினையும் ஜங்கூக்கையும் வரைந்த சுவருக்கு அதைவிடக் கூட்டம்.

நீலமும் மஞ்சளும் ரோஜாவுமாக, சாயங்கால வெயிலில் கண்ணுக்கு அழகுதான். மறுக்கவில்லை. ஆனால் ஆமி-தோங்கிலிருந்து வந்த காலுக்கு அந்தச் சாயம் கொஞ்சம் அதிகமாகப்பட்டது. ‘இங்கே மக்கள் வசிக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள்’ என்று வீட்டுக்கு வீடு அட்டை தொங்குகிறது. ஒரு பாட்டி படியேறி மூச்சுவாங்க வந்து, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஜோடி நகரும்வரை தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் பையோடு நின்றார். 2023-ல் பூசானின் போர்க்காலத் தலைநகர்ச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதில் ஆமி-தோங் இருக்கிறது. மாட்டுத் தொழுவங்களைத் தடுத்துக் குடித்தனம் நடத்திய ஊவாம்-தோங்கும் இருக்கிறது. அங்கேயும் சாயம் போய்ச் சேருமோ என்று ஒரு பயம்.

ஊவாம்-தோங் என்றதும் இன்னொரு சாப்பாடு. அங்கே குடியேறிய வடக்கத்தியர்களுக்குக் கோதுமை நூடுல்ஸ் பழக்கமில்லை; குளிர்ந்த சாற்றில் பக்வீட் நூடுல்ஸ் சாப்பிட்டவர்கள். பூசானில் பக்வீட் கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. அதை வைத்து அதே சாற்றில் செய்துபார்த்ததுதான் ‘மில்ம்யொன்’. ஐஸ் மிதக்கும் நூடுல்ஸ். நவம்பர் குளிரில் அதைச் சாப்பிடுகிறவன் முட்டாள் என்று தம்பி சொன்னார். சாப்பிட்டோம்.

ஹேவுண்டே கடற்கரைக்குப் போகவில்லை. கண்ணாடி அடுக்குமாடிகள், நல்ல மணல், கோடையில் கால் வைக்க இடமிருக்காது. துபாய் பார்த்தவர்கள் பார்க்க வேண்டியதில்லை. அதற்கும் வடக்கே கடல்பாறை மேலிருக்கும் ஹேதோங் யொங்குங்சா கோயிலுக்குப் போக முடியாததுதான் வருத்தம். 1376-ல் அதை நிறுவியதாகச் சொல்லப்படும் நாவோங் துறவியின் குரு ஜிகோங், இந்தியாவிலிருந்து வந்த பிக்கு. இரண்டாவது நாள் கையில் இருப்பவர்கள் காலை முதல் வேலையாக அங்கே போங்கள்.

நாங்கள் குவாங்கல்லி கடற்கரைக்குப் போனோம். 2003-லிருந்து கடலுக்கு மேலே ஓடும் குவாங்கான் பாலம், மொத்த நீளம் 7 கிலோமீட்டருக்கு மேல், இருட்டியதும் நிறம் மாறி மாறி ஒளிர்கிறது. சனிக்கிழமைதோறும் ட்ரோன் காட்சி. குளிர்காலத்தில் முதல் ஆட்டம் 7 மணிக்கு. நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் கடலுக்கு மேல் திமிங்கிலமாகவும் பூவாகவும் கூடிக் கலைந்தன. பத்து நிமிஷம். கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கிப் படமெடுத்தது. எனக்குத் தெரிந்தது பாதி வானம், பாதி செல்போன்.

ராத்திரி ஒன்பதரைக்கு மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பெட்டி. பக்கத்திலிருந்த பாட்டி இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். பிறகு என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கேட்காமலேயே மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். ஒரு நெத்திலியை எடுத்து முறித்து, முகர்ந்து, வாயில் போட்டுக்கொண்டார். தம்பியிடம் நீளமாக என்னவோ சொன்னார்.

“சாறு வைக்கறதுக்கு முன்னாடி தலையையும் குடலையும் கிள்ளிப் போட்டுடணுமாம். இல்லன்னா கசக்குமாம்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான்னு சொல்லு.”

சொன்னார். பாட்டி அதில் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். முப்பதாயிரம் என்றதும் தொடையில் அடித்துக்கொண்டு, எதிர் சீட்டில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு அதே சந்தையில் வேறொரு கடைக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். தம்பி போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். எங்கள் நிலையம் வந்தும் அவர் முடிக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கினோம்.